லிப்பிட் சவ்வில் ஒளிர்சாயம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லிப்பிட் ஈரடுக்கின் தடிமன் 4, 5 நானோமீட்டர்தான். அதற்குள் புகும் சாய மூலக்கூறும் கிட்டத்தட்ட லிப்பிட் அளவுக்குப் பெரியது. அது இடம் பிடித்தால் பக்கத்து லிப்பிட்டுகளின் வால்கள் விலகித்தான் ஆகவேண்டும். சாயம் நமக்குச் சொல்வது, அப்படி விலகிய இடத்தின் நிலவரத்தை.

செய்ய வேண்டியவை

• சாயம் சேர்க்குமுன் கணக்குப் போடுங்கள். ஒரு சாய மூலக்கூறைச் சுற்றி முதல் வட்டத்தில் சுமார் 6 லிப்பிட்டுகள், அடுத்த வட்டத்தில் 12. சாயம் 5 மோல் சதவீதம் என்றால் ஒரு சாயத்துக்கு 19 லிப்பிட்டுகள்தான். அதன் கை எட்டாத லிப்பிட் அநேகமாக எதுவும் மிஞ்சாது. 0.1 சதவீதத்தில் 999 லிப்பிட்டுகளில் 18 மட்டுமே அதன் அருகில் இருக்கும். ஒளி மங்கலாக இருந்தால் நல்ல டிடெக்டரைத் தேடுங்கள், சாயத்தைக் கூட்டாதீர்கள்.

• சாயம் கலந்த மாதிரி, கலக்காத மாதிரி இரண்டையும் கலோரிமீட்டரில் ஓட்டுங்கள். டி.பி.பி.சி. என்ற லிப்பிட்டாலான சவ்வு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். கலோரிமீட்டர் வரைவில் அதைக் காட்டும் முகடு அகன்றாலோ நகர்ந்தாலோ சாயம் சவ்வைக் கலைத்துவிட்டது. பலர் தவிர்க்கும் சோதனை இது, தவிர்க்கவே கூடாதது.

• சாயம் எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லார்டான் என்ற சாயம் லிப்பிட்டின் தலைப்பகுதியை ஒட்டி நின்று நீரின் வரவைக் காட்டும்: இறுகிய சவ்வில் 440, இளகியதில் 490 நானோமீட்டர் அருகே ஒளிரும். டி.பி.எச். என்ற சாயம் உள்ளே வால்களுக்கிடையே கிடக்கும்.

செய்யக்கூடாதவை

• விளக்கை எரியவிட்டபடி வெசிக்கிளை (லிப்பிட் சவ்வாலான நுண்குமிழியை)த் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒளி பட்ட சாயம் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கும்; அது இரட்டைப் பிணைப்புள்ள லிப்பிட்டுகளை ஆக்சிஜனேற்றம் செய்யும். கொலஸ்ட்ரால் கலந்த வெசிக்கிளில் முதலில் ஒரே சீராக இருந்த பரப்பில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டத் திட்டுகள் முளைக்கும். அதைச் சவ்வின் இயல்பு என்று எழுதிவிடாதீர்கள். ஒளியைக் குறைத்து, ஒவ்வொரு வெசிக்கிளையும் முதல் சில நொடிகளிலேயே படமெடுங்கள்.

• சாயம் ஒட்டிய லிப்பிட்டின் வாலைப் பார்த்துச் சாயத்தின் இடத்தை ஊகிக்காதீர்கள். டெக்சாஸ் ரெட் சாயம் ஒட்டிய டி.பி.பி.இ. லிப்பிட்டின் வால்கள் நிறைவுற்றவை; ஒழுங்கான பகுதியில் சேரும் என்று தோன்றும். ஆனாலும் அது ஒழுங்கற்ற பகுதியிலேயே சேரும். வாலில் ஒட்டிய என்.பி.டி. சாயம் மேலே மடங்கி நீர் விளிம்புக்கு வந்துவிடும்.

• சாயத்தைக் கரைத்த எத்தனாலை மறக்காதீர்கள். அதுவும் சவ்வை இளக்கும். ஒப்பீட்டு மாதிரியிலும் அதே அளவு எத்தனால் இருக்கட்டும்.