கம்பியில்லாக் காட்சிச் சாலை

சிங்கப்பூர் மண்டாயிலுள்ள மிருகக் காட்சிச் சாலைக்கு நம்மில் பலர் குடும்பத்துடன் சென்று வந்திருக்கிறோம். பொழுதை இன்பமாகக் கழித்துத் திரும்பினால் மட்டும் போதுமா? எதைப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்து சென்றால், அந்த ஒரு நாள் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நல்லதொரு பாடமாக அமையும்.

கூண்டு நீங்கிய வரலாறு

முற்காலக் காட்சிச் சாலைகளில் இரும்புக் கம்பியும் சிமெண்டுத் தரையுமே விலங்கின் வீடாக இருந்தன. இம்முறையை மாற்றியமைத்தவர் கார்ல் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானியர். சிங்கமும் புலியும் எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் எழும்பும் என்பதைச் சோதித்தறிந்து, அதற்கேற்ப அகழிகளை அமைத்தார். 1907ஆம் ஆண்டில் ஹம்பர்க் நகருக்கு அருகே அவர் திறந்த தோட்டத்தில் கம்பி நின்ற இடத்தில் அகழி காவல் நின்றது. 1973 ஜூன் 27ஆம் நாள் திறக்கப்பட்ட மண்டாய் காட்சிச் சாலையும் இவ்வழியைப் பின்பற்றியதே.

கம்பி இல்லை, எல்லை உண்டு

ஓராங் ஊத்தான் என்றால் மலாய் மொழியில் காட்டு மனிதன் என்று பொருள். மரத்தில் வாழும் அப்பிராணி இயல்பாக நீந்தாது. ஆதலின் அதற்கு நீரே ஒரு சுவர். ஆனால், அதே போர்னியோக் காட்டில் வாழும் நீண்ட மூக்குக் குரங்கோ நன்றாக நீந்தும். அதற்கு நீர் மட்டும் காவலாகாது. ஒவ்வோர் உயிரின் இயல்பையும் அறிந்தே எல்லை வகுக்க வேண்டும். அதில் தவறினால் என்னவாகும்? 1974ஆம் ஆண்டில் காங்கோ என்ற நீர்யானை தப்பிச் சென்று, அருகிலிருந்த சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் 47 நாட்கள் தங்கிவிட்டது!

தோற்றம் மட்டும் போதுமா?

பாறையும் மரமும் நம் கண்ணுக்கு அழகு. ஆனால் அவை விலங்குக்குப் பயன்படுகின்றனவா என்பதே கேள்வி. இனுக்கா என்னும் பனிக்கரடியை எண்ணிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டில் இக்காட்சிச் சாலையிலேயே பிறந்தது அது. பாறையும் நீச்சல் குளமும் அதற்கு இருந்தன. எனினும் 2004ஆம் ஆண்டில் அதன் வெண்ணிற உரோமத்துக்குள் பாசி வளர்ந்து உடல் பச்சையாயிற்று. 2013ஆம் ஆண்டில் அதற்குக் குளிரூட்டிய உறைவிடம் அமைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் முதுமை நோய்களால் நலிந்து, 27ஆம் வயதில் அது மாண்டது. இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று காட்சிச் சாலை முன்னரே முடிவு செய்திருந்தது. சில உயிர்களை நம் ஊரில் வைத்துப் பாராதிருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் நன்மை என்பது இதனால் விளங்கவில்லையா?

நாம் கவனிக்க வேண்டியவை

1. விலங்கு தன் இயல்பான வேலையைச் செய்கிறதா? ஏறுவது ஏறுகிறதா, தோண்டுவது தோண்டுகிறதா?

2. நம் பார்வையிலிருந்து ஒதுங்கிக் கொள்ள அதற்கு மறைவிடம் இருக்கிறதா?

3. ஒரே தடத்தில் ஓயாமல் முன்னும் பின்னும் நடக்கிறதா? அப்படியாயின், இடம் அழகாயிருந்தும் அதன் தேவை முழுதும் நிறைவேறவில்லை என்று ஐயுறலாம்.

புலி புதருக்குள் உறங்கினால், "பணம் கொடுத்தும் காண முடியவில்லையே" என்று பிள்ளைகள் சலித்துக் கொள்வதுண்டு. கண்ணாடியைத் தட்டி எழுப்பவும் முனைவர். அப்போது, புலி மறைந்திருப்பதே அவ்விடம் நன்கு அமைந்ததற்கு அடையாளம் என்று பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பிள்ளைகள் மனத்தில் பதிப்போமானால், நாம் கொடுத்த நுழைவுக் கட்டணம் வீணாகாது.