டிரான்ஸ்ஃபார்மருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி…

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ பழைய மெஷினை கன்டெய்னரில் இறக்கிவிட்டு, "அக்கா, மோட்டார்ல 460 வோல்ட்னு போட்டிருக்கு, நம்ம லைன்ல 415தான் வருது, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் சொல்லிடட்டுமா?" என்று ஓடிவருகிற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பணம் பையிலேயே இருக்கட்டும். முதலில் உட்கார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தெரியும். இதற்கு அஞ்சு நிமிஷம் போதும்.

1. நேம் பிளேட்டைத் துடைத்துப் படி. பெயின்ட் மூடியிருந்தால் தின்னர் தொட்டுத் துணியால் துடை. எமரி பேப்பரை எடுக்காதே, எழுத்தே போய்விடும். போனில் ஒரு போட்டோ எடுத்து வை. வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் மூன்றும் வேண்டும். எல்லோரும் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ஹெர்ட்ஸைக் கோட்டை விடுகிறார்கள்.

2. இப்போது கணக்கு. அங்கே சப்ளை 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. நேம் பிளேட் வோல்ட்டை 60ஆல் வகுத்து 50ஆல் பெருக்கு. 460 வோல்ட் மோட்டாருக்கு என்ன வருகிறது? 383! அந்த மோட்டாருக்கு இங்கே 383 வோல்ட்டே போதும். நம் 415 ஏற்கெனவே 8 சதவீதம் கூடுதல். அதற்கு மேலும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 460 ஆக்கினால் 20 சதவீதம் கூடிவிடும். இரும்புக் கோர் தாங்காது. பெல்ட் மாட்டாமலேயே கரண்டை இழுக்கும், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுற வாசம் வரும். காசு கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, காசு கொடுத்து காயிலும் கட்டணுமா? இந்த மோட்டாரை நேரே லைனில் கொடு. டெர்மினல் பெட்டியில் ஒன்பது வயர் இருந்தால் 4-7, 5-8, 6-9 சேர்த்துவிட்டு, 1, 2, 3க்கு லைன். ராத்திரியில் லோடு குறைந்து உங்கள் லைன் 440க்கு ஏறுகிற இடமாக இருந்தால், வேண்டியது வோல்டேஜைக் குறைக்கிற சாமான், ஏத்துறது இல்லை.

3. கனடா மோட்டார் வேறு கதை. 575 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதே கணக்கைப் போடு: 479. நேரே 415 கொடுத்தால் இழுவை முக்கால்வாசிதான் கிடைக்கும். லோடில் திணறிச் சூடேறும். இங்கேதான் ஸ்டெப்-அப் நியாயம். ஆனால் 415லிருந்து 480க்கு. கடைக்காரர் பிளேட்டைப் பார்த்துவிட்டு "575 பண்ணித் தர்றேன்" என்றால் தலையாட்டாதே.

4. ஐரோப்பா மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ், 400 டெல்டா, 690 ஸ்டார் என்று இருக்கிறதா? 690ஐப் பார்த்து பயப்படாதே. டெர்மினலில் பித்தளைப் பட்டையை டெல்டாவுக்கு மாற்று. முடிந்தது.

5. சிங்கிள் பேஸை ஸ்டெப்-அப் பண்ணி த்ரீ பேஸ் ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. 230ஐ 415 ஆக்கினாலும் அது சிங்கிள் பேஸ்தான்.

6. சரி, கனடா கேஸ்தான், வாங்கியே ஆகணும். என்ன சைஸ்? எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். 30 ஹெச்பி, 32 ஆம்பியர் மோட்டார் என்று வை. 480ஐ 32ஆலும் 1.732ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 27 கேவிஏ. உடனே "30 போதும்" என்பாய். போதாது. நேரடி ஸ்டார்ட்டில் மோட்டார் ஆறு மடங்கு கரண்ட் கேட்கும். 4 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 30 கேவிஏவில் அந்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு வோல்டேஜ் விழும்; இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே நிற்கும், ரிலே தட்டும். 50 கேவிஏ எடு. அது முடியாவிட்டால் சாஃப்ட் ஸ்டார்ட்டர், அதுவும் லோடு இல்லாமல் கிளம்புகிற மெஷினுக்கு. ஒன்பது வயர் மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வாங்கிவிடாதே, வேலைக்காகாது.

7. பணம் மிச்சம் பிடிக்க ஒரு வழி: ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். 415க்கும் 480க்கும் வித்தியாசம் 65 வோல்ட்தானே? அதை மட்டும்தான் அது ஏற்றுகிறது. 50 கேவிஏ லோடுக்கு உள்ளே இருக்கும் இரும்பும் செம்பும் ஏழு கேவிஏ அளவுதான். இடமும் மிச்சம். தனித்தனி காயில் உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரே வேண்டும் என்றால், அவுட்புட் பக்க ஸ்டார் பாயின்ட்டை எர்த் பண்ணச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் வற்புறுத்து. விட்டுவிட்டால் ஒரு பேஸ் பாடியில் பட்டாலும் ஃபியூஸ் போகாது. கை வைக்கிறவன் கதி என்ன?

8. ஸ்டெப்-டவுனைத் திருப்பிப் போட்டு ஸ்டெப்-அப்பாக ஓட்டுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. ஓடும். ஆனால் ஆன் பண்ணும்போது வாங்குகிற முதல் அடி கரண்ட் பெரிது, மெயின் பிரேக்கர் தட்டிக்கொண்டே இருக்கும்; வோல்டேஜும் கொஞ்சம் குறைச்சலாகத்தான் வரும். அவசரத்துக்கு சரி, வருஷக்கணக்கில் வேண்டாம்.

9. ஸ்டார்ட்டரும் ஓவர்லோட் ரிலேயும் மோட்டார் பக்கம். அங்கே 32 ஆம்பியர் என்றால் லைன் பக்கம் 37 ஓடும். ரிலேயை லைன் பக்கம் மாட்டிவிட்டு 32க்கு செட் பண்ணினால் தினமும் தட்டும். எரிச்சலில் யாராவது அதை முழுசாகத் திருகிவிடுவார்கள், மோட்டார் பாதுகாப்பில்லாமல் ஓடும். வேலை முடிந்ததும் லைன் பக்க ஸ்விட்ச்சையே ஆஃப் பண்ணு. மோட்டார் நின்றாலும் டிரான்ஸ்ஃபார்மர் யூனிட் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும்.

10. வேகம் குறையும், அதை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் சரிசெய்யாது. 1,760 சுற்று மோட்டார் இங்கே ஏறக்குறைய 1,460தான். 30 ஹெச்பி 25 ஆகிவிட்டது என்றும் நினைத்துக்கொள். மோட்டார் புல்லியைப் பெரிதாக்கி வேகத்தை மீட்கலாம், ஆனால் மெஷின் முழு 30 ஹெச்பியையும் கேட்கிற ஜாதியாக இருந்தால் அந்த ஆசை வேண்டாம். கம்ப்ரஸரில் ஆறில் ஒரு பங்கு காற்று குறைந்தால் குறையட்டும்.

11. முதல் ஓட்டம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான். ஒரு தட்டு தட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார். திரும்பச் சுற்றினால் ஏதாவது இரண்டு பேஸை மாற்று. பிறகு டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயரிலும் மாட்டு. 32 ஆம்பியர் மோட்டார் சும்மா ஓடும்போது பத்து, பன்னிரண்டு காட்டினால் சந்தோஷம். இருபதைத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு வோல்டேஜை அளந்து பார்.