பெற்றோல் கியூ தந்த இணையப் பாடம்

2022 ஜூலையில், பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் முறை வந்தது நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். 2023 செப்டம்பர் 1ஆம் திகதி அது நீக்கப்பட்டது. ஆனால் அதிலுள்ள பாடம், இணையத்தில் கடை திறக்கும் வியாபாரிகளாகிய நமக்கு இன்றும் தேவை.

காத்தான்குடியில் எனது புடவைக் கடைக்கு ஓர் இணையத்தளம் உண்டு. வாடிக்கையாளர் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், எஸ்.எம்.எஸ். மூலம் இரகசிய இலக்கம் போகும். பெருநாளுக்கு முந்திய ஓர் இரவு, யாரோ தானியங்கி நிரலொன்றை ஏவி, விடியும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஓடர் ஒன்றும் வரவில்லை, எஸ்.எம்.எஸ். பில் மட்டும் வந்தது.

'நிமிடத்துக்கு 5' என்ற விதி தளத்தில் இருந்ததுதான். பதிவுப் பக்கத்தில் ஒரு விதமாகவும் உள்நுழையும் பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதியிருந்தார்கள். கடவுச்சொல் மறந்தோர் பக்கத்தில் இல்லவே இல்லை. மூன்று வாசலுள்ள கடையில் இரண்டுக்கு மட்டும் காவல் போட்ட கதை!

மருமகனுடன் உட்கார்ந்து இவற்றைச் செய்தோம்:

1. விதியை ஒரே இடத்தில் எழுதினோம். மூன்று பக்கங்களும் இப்போது அதனிடமே அனுமதி கேட்கின்றன.

2. யாரை எண்ணுவது? கையடக்கத் தொலைபேசியில் வரும் பலருக்கு ஒரே இணைய முகவரி இருக்கலாம். அதை மட்டும் எண்ணினால் ஒருவரின் குறும்புக்கு மற்றவர்களுக்கும் கதவு மூடும். ஆகவே வாகன இலக்கத்தை எண்ணியதுபோல் தொலைபேசி இலக்கத்தை இறுக்கமாகவும், முகவரியைச் சற்றுத் தளர்வாகவும் எண்ணினோம். நாளொன்றுக்கு மொத்த உச்சவரம்பும் வைத்தோம்.

3. வாரம் முடியும் இரவு 4 லீற்றர், புது வாரம் பிறந்ததும் 4 லீற்றர் அடித்தால் சில மணி நேரத்தில் 8 லீற்றர். அப்படியே, நிமிடத்தின் கடைசி விநாடியில் 5, அடுத்த நிமிடத்தின் முதல் விநாடியில் 5 கேட்டால் பத்தும் போய்விடும். ஆகவே 'கடந்த 60 விநாடிகளில் எத்தனை' என்று எண்ண வைத்தோம்.

4. சோதனைக்காக மணிக்கூட்டைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. நேரத்தையும் நாமே கொடுக்கும்படி நிரலை மாற்றினோம். ஐந்தாவது கோரிக்கை போகவேண்டும், ஆறாவது திரும்பவேண்டும், 59ஆவது விநாடியிலும் திரும்பவேண்டும், 60 கடந்ததும் போகவேண்டும். திருப்பும்போது 429 என்ற குறியீட்டுடன், எத்தனை விநாடி கழித்து வரலாம் என்றும் சொல்லவேண்டும். வெறுமனே 'இல்லை' என்றால் நல்ல வாடிக்கையாளரும் போய்விடுவார்.

உங்கள் தளத்தைச் செய்து தந்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: "ஒரே இலக்கத்துக்கு நிமிடத்தில் எத்தனை எஸ்.எம்.எஸ். போகும்?" வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், முன்னால் இருந்து சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பில் வந்தபின் கேட்பதில் பயனில்லை.