ஆடை ஊசிகள் சொல்லும் வரலாறு

பர்தாவைக் குத்திக்கொள்ள நாம் பயன்படுத்தும் சேப்டி பின்னுக்கு, அமெரிக்கரான வோல்டர் ஹன்ட் 1849 இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் முன்னோடிகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. பண்டைய கிரேக்கரும் உரோமரும் போர்த்திய துணியைத் தோளில் பொருத்த உலோக ஊசிகளைப் பயன்படுத்தினர். இலத்தீனில் அதற்குப் பெயர் 'பிபுலா'.

வளைந்த உடல், சுருள்வில், கூரிய ஊசி, அதன் முனை தங்கும் கொளுக்கி ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். காலத்துக்குக் காலம் இவற்றின் வடிவம் மாறியது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் சுருள்வில்லுக்குப் பதிலாகப் பிணைச்சல் வைத்த ஊசிகளும் பரவின. நான்காம் நூற்றாண்டில் படைவீரரும் அதிகாரிகளும் குறுக்குவில் வடிவ ஊசி அணிந்தனர். ஆகவே மண்ணில் ஓர் ஊசி கிடைத்தால், அந்த மண்படையின் காலத்தையே கணிக்கலாம்.

இவ்வூசிகளின் படங்களை நான் ஒரு கொப்பியில் வரைந்து சேகரிக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் உலோகம், வடிவம், காலம், கண்டெடுத்த இடம் என நான்கு விடயங்களை எழுதுவேன். நான்காவதன் பெறுமதியை எனக்குக் கற்பித்தது, உரோம் நகர நூதனசாலையிலுள்ள 'பிரெனெஸ்தே' பொன் ஊசி.

அது கி.மு. ஏழாம் நூற்றாண்டுக்குரியது. மானியோஸ் என்பவர் நுமேரியோஸ் என்பவருக்காக அதனைச் செய்தார் என்ற செய்தி, அரபு எழுத்தைப் போல வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. மிகப் பழைய இலத்தீன் எழுத்துகளுள் அதுவும் ஒன்று. 1887 இல் ஜேர்மன் அறிஞர் ஹெல்பிக் அதனை வெளிப்படுத்தினார். ஆனால் தோண்டியெடுத்த இடம் பற்றிய நம்பகமான பதிவு இருக்கவில்லை. அதனால் அது போலி என்ற சந்தேகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பொன்னின் மேற்பரப்பை ஆராய்ந்து, அது உண்மையானதே என 2011 இல் அறிவித்தனர். எனினும் அது எந்தக் கல்லறையில், எப்பொருட்களுடன் கிடந்தது என்பதை எந்த ஆய்வுகூடமும் மீட்டுத்தராது.

பழம்பொருட்களின் கள்ள வியாபாரத்தைத் தடுக்க 1970 இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவுசெய்யும் திட்டம் 1997 இல் தொடங்கியது. பதியாமல் கைமாறும் ஊசியோ வெறும் உலோகத் துண்டாகிவிடுகிறது.

சகோதரிகளே, உம்மும்மாவின் பழைய பெட்டியிலுள்ள பொருட்களுக்கும் இது பொருந்தும். அவை யாருடையவை, எங்கிருந்து வந்தவை என்று அவரிடமே கேட்டு, இன்றே ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள். சேகரிப்பின் முதற் பாடம் அதுவே.