பேட்டைத் தூக்கி எறிந்தவனை என்ன செய்வது?

எல்பிடபிள்யூ கொடுத்த விரல் கீழே இறங்குவதற்குள் பேட் பறந்தது. "பேட்டுல பட்டுதுல்லா சார், கண்ணு தெரியாதா உமக்கு?" என்று கத்திக்கொண்டே எங்கள் தொடக்க ஆட்டக்காரன் பிட்சின் நடுவே நடந்துபோய் அம்பயரின் முகத்துக்கு நேராக நின்றான். அம்பயர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்தப் பையனுக்கே ஏழாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பதில் ஏதும் பேசாமல், பந்து எண்ணுவதற்காக வைத்திருந்த கூழாங்கல் ஒன்றை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த ஆட்டக்காரனுக்காகக் காத்து நின்றார்.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. "பொறவு பாத்துக்கலாம்" என்றது கமிட்டி. நான் அப்போது கிளப் செயலாளர். நானும் தலையாட்டினேன். பையன் அரையிறுதியில் நன்றாகவே அடித்தான். சார் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை.

குமரி மாவட்டத்தில் கிளப் நடத்துகிறவர்களுக்கு, கேப்டன் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். சம்பளம் வாங்காமல் ஆடும் பையனுக்குத் தண்டனை கொடுப்பது சங்கடமான வேலை. காலையில் அவனைத் தட்டிக்கேட்டவன் சாயங்காலம் அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டியிருக்கும். அதனால்தான் எவ்வளவு தண்டனை, யார் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே, யார் முகமும் கண்முன் இல்லாதபோதே முடிவாகிவிட வேண்டும்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2017 அக்டோபர் 1 முதல் எம்சிசியின் கிரிக்கெட் விதிகளில் 42-வது விதி ஆட்டக்காரர் நடத்தைக்கென்றே தனியாக வந்துவிட்டது. நான்கு நிலைகள். தீர்ப்பை எதிர்த்து முகம் காட்டுவது, கெட்ட வார்த்தை, அளவுக்கு மீறிய அப்பீல் ஆகியவை முதல் நிலை. முதல் தடவை எச்சரிக்கை. அதே அணியில் யார் மறுபடி செய்தாலும் எதிரணிக்கு 5 ரன். கடுமையான எதிர்ப்பு, வேண்டுமென்றே உடம்பில் இடிப்பது, ஆளைப் பார்த்து ஆபத்தாகப் பந்தெறிவது இரண்டாம் நிலை. எச்சரிக்கையே கிடையாது, நேராக 5 ரன். அம்பயரை மிரட்டினாலோ, வேறு ஒருவரை அடிப்பேன் என்றாலோ மூன்றாம் நிலை: 5 ரன்னோடு, ஒரு இன்னிங்ஸின் ஓவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு அந்த ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும். 20 ஓவர் ஆட்டமென்றால் 4 ஓவர். அம்பயரை அடிப்பேன் என்பதும், அவர் மேல் கை வைப்பதும், யாரையும் அடிப்பதும் நான்காம் நிலை. ஆட்டம் முடியும்வரை அவர் உள்ளே வரக் கூடாது, மாற்று ஆளும் கிடையாது. வெளியேற்றச் சொல்லியும் கேப்டன் மறுத்தால் ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிட அம்பயர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதே விதியில் நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு வரி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நடந்ததை அம்பயர்கள் அந்த அணியின் நிர்வாகத்துக்கும், போட்டியை நடத்துகிற அமைப்புக்கும் அறிக்கையாகத் தர வேண்டும். அதாவது மைதானத்தில் கொடுத்த 5 ரன்னோடு விஷயம் முடிவதில்லை. அந்த அறிக்கையை வாங்கும் கை உங்களுடையது.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். "மோசமாகப் பேசினார்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எத்தனையாவது ஓவர், எந்தப் பந்து, யார் எங்கே நின்றார்கள், என்ன சொல் சொல்லப்பட்டது என்று வேண்டும். எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். விசாரணையில் பையன், "அண்ணே, நான் சாரைச் சொல்லல்ல, என்னையேதான் திட்டிக்கிட்டேன்" என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம். சொன்ன சொல் காகிதத்தில் இருந்தால்தான் அதை நியாயமாக எடைபோட முடியும். அன்று சாயங்காலமே, இரண்டு அம்பயர்களும் கையெழுத்திட்டு, ஸ்கோர் ஷீட்டோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். செல்போன் வீடியோ இருந்தால் உதவும். ஆனால் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டு விவாதிக்கத் தொடங்கிவிட்டால், உட்கார்ந்து விசாரிக்கும் முன்பே ஊர் தீர்ப்பு சொல்லிவிடும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. கும்பப்பூ அறுவடை முடிந்த வயலிலும், கடற்கரை ஊர்களின் திருவிழாக்களிலும் நடக்கிற டென்னிஸ் பந்து ஆட்டங்களில் பெரும்பாலும் பேட்டிங் அணியே அம்பயரையும் நிறுத்துகிறது. தன் அணிக்காரனுக்கு அவுட் கொடுக்கிறவன் படும் பாட்டைச் சொல்லி முடியாது. போட்டி விதியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அந்த நேரத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் அம்பயர், சொந்த அணிக்காரர் திட்டினாலும் அதே 42-வது விதி. டாஸ் போடும்போது இரண்டு கேப்டன்களிடமும் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

டாஸில் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2022 ஜூனில் நம் பக்கத்துத் திருநெல்வேலியில் டிஎன்பிஎல் தொடக்க ஆட்டத்தில் பந்து வீசும் முன் எதிர்முனையில் கிரீஸை விட்டு நகர்ந்த ஜெகதீசனை பாபா அபராஜித் ரன் அவுட் செய்தார். ஜெகதீசன் ஆபாசமான சைகை காட்டிக்கொண்டே வெளியேறினார். பிறகு சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் எம்சிசி அந்த வகை அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியான 38-ல் வைத்தது. இது தெரியாததால் இன்றும் எத்தனையோ வயல்களில் சண்டை மூள்கிறது. சொல்லிவைத்தால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

நட்சத்திர ஆட்டக்காரன் என்பதற்காகக் கை நடுங்கினால் 2025 ஜூனில் கோவையில் டிஎன்பிஎல் ஆட்டத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் கேப்டன் அஸ்வின், டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர், திருப்பூர் அணிக்கு எதிரான ஆட்டத்தில் தனக்குக் கொடுத்த எல்பிடபிள்யூவுக்காக அம்பயரோடு வாதாடினார், பேடில் பேட்டால் ஓங்கி அடித்தார். ஆட்டம் முடிந்ததும் விசாரணை. எதிர்ப்புக்கு 10 சதவீதம், ஆட்டப் பொருளை அடித்ததற்கு 20 சதவீதம் என்று ஆட்டச் சம்பளத்தில் பிடித்தம். அவரும் ஏற்றுக்கொண்டார். பெரிய தண்டனை அல்ல. உடனே வந்தது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னது என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் அபராதத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 500 ரூபாய் என்பது வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவனுக்கு ஒன்றுமில்லை. பெயின்ட் வேலைக்குப் போகிறவனுக்கு அது ஒரு நாள் அடுப்பு. கிளப் ஆட்டக்காரனுக்கு உண்மையில் வலிப்பது ஆட முடியாமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்வதுதான். முதல் நிலைக்கு எழுத்தில் எச்சரிக்கை, அதே சீசனில் மறுபடி வந்தால் ஒரு ஆட்டம். இரண்டாம் நிலைக்கு இரண்டு ஆட்டம். மூன்றுக்கு நான்கிலிருந்து ஆறு. நான்குக்குக் குறைந்தது ஒரு சீசன். இது நான் சொல்லும் அளவு. உங்கள் பொதுக்குழு கூட்டலாம், குறைக்கலாம். தடையை வாரக் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இடவப்பாதியும் துலாமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. நான்கு வாரத் தடையை மழையே கழித்துக் கொடுத்துவிடும். உண்மையில் நடந்து முடிந்த ஆட்டங்களையே எண்ணுங்கள். டிசம்பரில் தடை வாங்கியவன் ஜனவரியில் ஃபிளைட் ஏறிவிட்டால், அடுத்த விடுமுறைக்கு வரும்போது மிச்சத்தைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு போதும்.

விசாரிக்க மூன்று பேர். கேப்டன் வேண்டாம், சொந்தக்காரர் வேண்டாம். நம் ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் மச்சான் என்பதால், ஒருவரைப் பக்கத்து கிளப்பிலிருந்து அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேவைப்படும்போது உங்களிலிருந்து ஒருவர் போகட்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்லவும் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரவும் இடம் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் அப்பாவோ அம்மாவோ இல்லாமல் உட்காராதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் மூன்றாம், நான்காம் நிலைக் குற்றச்சாட்டு உள்ளவர் அந்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது. நாங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான். முடிவை ஒரு பக்கத்தில் காரணத்தோடு எழுதுங்கள், ஏழு நாளுக்குள் ஒருமுறை மேல்முறையீடு, அதைக் கேட்பவர்கள் வேறு ஆட்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான கிளப் என்றால் நீக்குவதற்கு முன் பைலாவை எடுத்துப் படியுங்கள். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவரை நீக்கினால், அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

இரண்டு பேர் மோதிக்கொண்டால் "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று சமமாகப் பங்கு போடாதீர்கள். 1991 ஜனவரியில் ஜாம்ஷெட்பூர் துலீப் கோப்பை இறுதியில் ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ரமன் லாம்பாவைத் துரத்தினார். படேலுக்கு 13 மாதம், லாம்பாவுக்கு 10 மாதம் தடை. 2015-ல் பெர்முடாவில் ஒரு கிளப் இறுதியாட்டத்தில் கைகலப்பு. ஒருவருக்கு ஆயுள் தடை, மற்றவருக்கு ஆறு ஆட்டம். தொடங்கியவரையும் திருப்பியவரையும் தனித்தனியாக எடைபோட்டார்கள்.

சில விஷயங்கள் கிளப்பின் கையை மீறியவை. பட்டியல் சாதி ஆட்டக்காரரை மைதானத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். "நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்" என்று பாதிக்கப்பட்டவரிடம் போய் நிற்காதீர்கள். அவர் எடுக்கும் முடிவுக்குத் துணை நில்லுங்கள். எலும்பு முறிகிற அளவு அடி விழுந்தாலும் அப்படித்தான். கோயில் ஊர் அணியும் சர்ச் ஊர் அணியும் ஆடுகிற நாளில் மதம் பற்றிய ஒரு சொல் வந்தால், முதல் நிலை என்று பார்க்காமல் உடனே ஆட்டத்தை நிறுத்தி இரு தரப்புப் பெரியவர்களையும் வரவழையுங்கள். 1982-ல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

தண்டனை முடிந்து திரும்பி வருகிறவனை எப்படி வரவேற்கிறீர்கள் என்பதும் உங்கள் வேலைதான். காலில் விழச் சொல்லாதீர்கள், எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். அம்பயரிடம் நேரில் போய்ப் பேசட்டும். அதற்கு முன் ஒரு மூத்த அம்பயரோடு இரண்டு ஆட்டத்துக்கு ஸ்கொயர் லெக்கில் நிற்கட்டும். வெயிலில் 40 ஓவர் நின்று, நெருக்கமான ரன் அவுட் ஒன்றுக்குத் தானே விரல் தூக்கிப் பார்த்தவன் பிறகு கத்துவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, பெரும்பாலான கிளப்புகள் மறந்துவிடுகிற வேலை. என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை அறிக்கை தந்த அம்பயரிடம் போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். நாங்கள் எங்கள் சாரின் வீட்டுக்குப் போகும்போது எட்டு மாதம் கடந்துவிட்டது. சொல்வதற்கு எங்களிடம் முடிவு எதுவும் இல்லை. உட்காரச் சொல்லி, கட்டன் சாயா கொடுத்து, பையன்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரித்தார். கிளம்பும்போது உள்ளே போய் கிளப்பின் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்து வந்தார். அதன் பையில் அந்த ஆறு கூழாங்கற்களும் இருந்தன. "வேற யாருக்காவது ஆகும், கொண்டு போங்க" என்றார்.