கூரையிலிருந்து சுவருக்கு வந்த தகரம்

கேள்வி: நியூயார்க்கில் மகன் வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி. அதைச் சுற்றியுள்ள சட்டம் முழுக்கப் பூப்பூவாகப் புடைத்த தகரம். பழைய அடுக்குமாடி வீட்டுக் கூரையிலிருந்து கழற்றியதாம். கூரைக்கு எதற்கு இத்தனை அலங்காரம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பணக்கார வீட்டைப் பார்த்து வந்த ஆசைதான்! ஐரோப்பிய மாளிகைகளில் கைதேர்ந்த கொத்தர்கள் உட்கூரையில் சுதையால் பூவும் கொடியும் இழைத்தார்கள். அந்தக் கூலி கட்டுப்படியாகாத அமெரிக்கர்களுக்கு 1880களுக்குப் பிறகு தொழிற்சாலைகள் வழி கண்டுபிடித்தன. மெல்லிய எஃகுத் தகட்டை அச்சின்மேல் வைத்து, கயிற்றால் தூக்கிய கனத்த மேலச்சைத் தொப்பென்று விடுவார்கள். பூ புடைத்துக்கொண்டு நிற்கும். மிசௌரி மாநிலத்தில் 1898இல் தொடங்கிய டபிள்யூ. எஃப். நார்மன் நிறுவனம் நூறாண்டு கடந்தும் இதே முறையில்தான் அடித்துவந்தது.

பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் தகடுகள் ரயிலில் வந்து இறங்கும். கூரையில் ரீப்பர் அடித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தச்சர் ஆணி அறைந்துவிடுவார். காரை போல உதிராது. தீயும் சட்டென்று பற்றாது. பிறகு வெள்ளை பெயிண்ட். கீழிருந்து பார்ப்பவருக்குச் சுதை வேலை!

1930களில் மோகம் வடிந்தது. இரண்டாம் உலகப் போரில் எஃகு ஆயுதங்களுக்குப் போனது. பிறகு வந்த ஃபால்ஸ் சீலிங் மிச்சமிருந்ததை மறைத்தது. ஒரு விதத்தில் காப்பாற்றியது என்றே சொல்வேன். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும்போது இந்தத் தகடுகள் வெளியே வருகின்றன. பழைய கட்டடச் சாமான் விற்பவர்கள் வாங்கிப்போய் விற்கிறார்கள். கண்ணாடிச் சட்டம், அடுப்புக்குப் பின்சுவர், அலமாரிக் கதவு, கட்டிலின் தலைப்பலகை என்று எதற்கும் பொருந்துகிறது. அன்று தகரம் என்று தெரியக் கூடாதென்று பெயிண்ட் அடித்தார்கள். இன்று தகரம் தெரிய வேண்டுமென்றே சுரண்டுகிறார்கள்.

அந்தச் சுரண்டலில்தான் ஆபத்து. அமெரிக்காவில் வீட்டு பெயிண்ட்டில் காரீயத்துக்குத் தடை வந்தது 1978இல். இந்தத் தகடுகளின் பெயிண்ட் அதற்கும் முந்தியது. உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத் தூசி வீடெங்கும் படியும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தகட்டைப் பரிசோதித்தார்களா, பெயிண்ட்டை நீக்கியோ மேலே பூச்சு கொடுத்தோ விற்றார்களா என்று மகனிடம் கேளுங்கள். பெயிண்ட் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்தால், பேரக்குழந்தைகள் இருக்கும் அறையில் அது வேண்டாம்.