மொட்டின் மூடியை மட்டும் நம்பாதீர்கள்

அன்புள்ள இளம் தாவரவியலாளருக்கு,

தைல மரங்களை வகைப்படுத்தும் வேலைக்கு வருகிறீர்கள். எந்த மரம் எதற்கு உறவு என்பது ஒரு கேள்வி. அந்த உறவைப் பேரினம் என்பதா, துணைப்பேரினம் என்பதா என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சான்று தீர்மானிக்கும். இரண்டாவதை நாம்தான் தீர்மானிக்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இத்துறையின் தீராத தலைவலி.

கேப்டன் குக்கின் மூன்றாவது கடற்பயணத்தில், 1777-இல், டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் டேவிட் நெல்சன் சேகரித்த கிளைக்கு யூகலிப்டஸ் ஒப்ளிகுவா என்று பெயர் வைத்தார் பிரெஞ்சுக்காரரான லெரித்தியே. மொட்டை மூடிய தொப்பி பேரினத்தின் அடையாளமாயிற்று. 1797-இல் கவனில்லெஸ் விவரித்த அங்கோஃபோராவில் மூடி இல்லை. அல்லிகள் தனித்தனியே விரியும். மூடி உண்டு, இல்லை என்ற இந்தக் கோடு பார்க்கத் தெளிவானது. ஆனால் வடக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் டெட்ரோடொன்டாவின் மொட்டை லென்ஸில் பாருங்கள். நான்கு புல்லிகளும் பற்களாக வெளியே நிற்கின்றன. அல்லிகள் மட்டும் இணைந்து மூடியாகியிருக்கின்றன. வேறு பல சிற்றினங்களில் புல்லிகளும் சேர்ந்துகொண்டு மூடி இரண்டாகிறது. வெவ்வேறு உறுப்புகளால் ஆனவற்றை ஒரே பெயரால் ‘மூடி’ என்றழைத்து, அதையே உறவுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

எலுமிச்சை மணத் தைல மரத்தை எடுத்துக்கொள்வோம். மூடி இருப்பதால் அது யூகலிப்டஸ் சிட்ரியோடோராவாக இருந்தது. அதன் நாற்றின் இலையைத் தடவினால் சொரசொரக்கும். எண்ணெய்ச் சுரப்பியிலிருந்தே மயிர் எழுகிறது. அங்கோஃபோரா நாற்றிலும் அப்படித்தான். மூடி ஒரு பக்கம் இழுக்க, மயிர் மறுபக்கம் இழுத்தது. மரபணுச் சான்று மயிரின் பக்கம் நின்றது. 1995-இல் தாவரவியலாளர்கள் ஹில்லும் ஜான்சனும் 113 சிற்றினங்களைக் கோரிம்பியா என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். 2000-இல் புரூக்கர் அதையும் அங்கோஃபோராவையும் யூகலிப்டஸுக்குள்ளேயே துணைப்பேரினங்களாக்கினார். கூர்ந்து பார்த்தால் இவர்களிடையே கூட்டங்களைப் பற்றிய சண்டை சிறிது. படிநிலையைப் பற்றியதே பெரிது. 2024-இல் பிளேக்கெல்லா என்ற பேரினமும் முன்மொழியப்பட்டது. நம் எலுமிச்சை மண மரம் அதற்குள் போகிறது.

பெயரை இப்படி மாற்றிக்கொண்டே போனால் வனத்துறையினரும் நாற்றங்கால்காரர்களும் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. உறவுகளின் கிளையமைப்பை மறுக்காமலே ஒரே பெரிய யூகலிப்டஸ் போதும் என்று சொல்ல இடமுண்டு. அது அறிவியலுக்கு விரோதமில்லை. நான் கோரிம்பியாவின் பக்கம்தான். ஆனால் அது என் தேர்வு, கண்டுபிடிப்பல்ல என்பதை மறைக்க மாட்டேன்.

மரபணு இருக்கையில் மொட்டும் மயிரும் எதற்கு என்று கேட்பீர்கள். டாஸ்மேனியாவில் பசுங்கணிக மரபணுவை மட்டும் பார்த்தால், யூகலிப்டஸ் குளோபுலஸ் தொலைவிலிருக்கும் தன் இனத்தைவிட அருகில் நிற்கும் வேற்றினத்தோடு ஒத்துப்போவதுண்டு. கலப்பினச் சேர்க்கையின் விளைவு அது. மரபணுவிலும் ஒரு பகுதியை மட்டும் நம்பினால் மூடியை நம்பிய அதே பிழைதான். ஆகவே களத்துக்குப் போகும்போது பூத்த கிளையோடு மட்டும் திரும்பிவிடாதீர்கள். பிஞ்சு மொட்டு, முற்றிய மொட்டு, கனி, அடியிலும் நுனியிலும் பட்டை எப்படியிருந்தது என்ற குறிப்பு, நாற்று வளர்க்க விதை, மரபணுவுக்கு இலை: எல்லாம் ஒரே மரத்திலிருந்து, ஒரே சேகரிப்பு எண்ணின் கீழ் இருக்கட்டும்.